படத்தில் மட்டும் இருக்கும் சுவர்

புதன்கிழமை, மாலை

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரி எழுதினேன், பிறகு அதை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். அத்தை நலம். அதை மட்டும் தயங்காமல் எழுதலாம். முழங்காலுக்குப் புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வீட்டுக்குள் கம்பு இல்லாமல் நடக்கிறார். நீ அனுப்பிய கம்பளிச் சால்வையை நல்ல வெயிலிலும் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். வியர்க்கவில்லையா என்று கேட்டால், "எம்பொண்ணு அனுப்புனது, எனக்கெதுக்கு வேர்க்கப் போவுது" என்கிறார்.

நீ ஆறு தடவை கூப்பிட்டிருந்தாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் "சரி விடு" என்று சொல்லிவிடுவேன். நான் இந்த வீட்டுக்கு வந்து பதினேழு வருஷமாக நமக்குள் அப்படித்தான் நடந்திருக்கிறது. காகிதத்தில் எழுதினால் நீ அழுவது எனக்குக் கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் மனுப் போட்டுக் கேட்ட விபத்து விசாரணையில் போன திங்கட்கிழமை நடந்தது உனக்கு ஓரளவு தெரிந்திருக்கும். அதைச் சொல்வதற்கு முன்னால் பழையதையும் வரிசையாக எழுதப்போகிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்கள்தான். எழுதிப் பார்த்தால், எந்த இடத்தில் நமக்குக் கை நழுவியது என்று எனக்காவது புரியும்.

உன் அண்ணன் போய் இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. மலை மேலிருக்கும் நீரேற்று நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கும் வேன் அவர் ஓட்டியது. பதினோரு வருஷம் அதே பாதை. அன்றைக்கு மாலை ஐந்து பத்துக்கு, கீழிருந்து மூன்றாவது வளைவில், வேன் பாதையை விட்டுப் போனது. அவரும் பம்ப் ஆபரேட்டரும் எலக்ட்ரீஷியனும் போனார்கள். இடுப்பு உடைந்து பிழைத்தவர் வெல்டர் ஒருவர்தான். அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே நம்மிடம் சொன்னதை நீ ஒரு மாத்திரை அட்டையின் பின்னால் எழுதி வைத்தாய். "வளைவு திரும்பறப்போ மூஞ்சில டார்ச் அடிச்ச மாதிரி வெயிலு. 'ஒண்ணுமே தெரியலயே'ன்னாரு. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்" என்றார். ஓரத்தில் சுவர் இல்லை. முன்பிருந்த கட்டைச்சுவர் ஒரு வருஷத்துக்கு முன்பே சரிந்து விழுந்ததும், யாரும் திரும்பக் கட்டாததும் அந்தப் பாதையில் போகிற எல்லோருக்கும் தெரியும்.

சாலைத் துறை வேறு கதை சொன்னது. ஐந்து மணிக்கெல்லாம் மேற்கு மலை சூரியனை மறைத்துவிடும், அந்த வளைவு நிழலில்தான் இருக்கும், கண் கூசியது என்பது பொய், டிரைவர் தூங்கியிருக்கிறார் அல்லது வேகமாக வந்திருக்கிறார் என்றார்கள். போய்ப் பார்த்துவிடலாம் என்று நாம் கிளம்புவதற்குள், மூன்றே மாதத்தில், பாதையை அகலப்படுத்துகிறோம் என்று மேற்கு மலையின் தோளை வெடி வைத்துச் சரித்துவிட்டார்கள். நிரூபிக்க நினைத்த இடமே பூமியில் இல்லாமல் போனது.

அப்போதுதான் நீ உன் அச்சகத்தில் ஒதுக்கிப்போட்ட கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாய். இஸ்திரி போடும் மேஜையில் வைத்தோம். மலை, ஏரி, மேகம் என்று கம்ப்யூட்டரில் இயற்கைக் காட்சி செய்து விளையாடும் ஒரு குழுவில் நீ எப்போதோ சேர்ந்திருந்தாய். அந்தப் புரோகிராம்களில் நிஜ மலையின் உயர அளவுகளைக் கொடுத்தால் அந்த மலையே எழுந்து நிற்கும், தேதியும் நேரமும் கொடுத்தால் சூரியன் எங்கே இருந்தது என்று தெரியும் என்று நீதான் சொன்னாய். குழுவில் மேகம் மட்டுமே செய்கிற ஒருவர் இருந்தாரே, பேங்க்கில் கேஷியர், நாம்கூட 'மேகம்' என்றே கூப்பிடுவோம். அவர்தான் மலை வெடிக்கப்படுவதற்கு முந்தைய சர்வே வரைபடம் எங்கே கிடைக்கும் என்று சொன்னார். அதிலிருந்த உயரக் கோடுகளை நீ ஒவ்வொன்றாக இழுத்து வரைந்தாய். நான் எண்களைத் தட்டினேன். ஒன்பது வாரம் ஆனது. அத்தை நம் தோளுக்குப் பின்னால் நின்று, கம்ப்யூட்டரில் கை வைத்துப் பார்த்து, "இது என்ன அடுப்பா, இந்தச் சூடு சுடுது" என்று கேட்டார். பொழுதுபோக்குக்குப் படம் போடுகிறோம் என்றோம். எந்த மலை என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

எந்தப் புரோகிராமை நம்புவது என்று தெரியாததால்தான் மூன்றையும் ஒப்பிட ஆரம்பித்தோம். பெயர் வைத்தவள் நீ. முசுடு, மினுக்கி, அப்பாவி.

முசுடை நினைத்தால் இப்போதும் எனக்குக் கழுத்து வலிக்கிறது. எங்கே எந்தப் பொத்தான் என்று அதற்கே தெரியாது. சேமிக்கச் சொன்னால் கோபித்துக்கொண்டு மூடிக்கொள்ளும். ஒரு படத்துக்கு ஒன்பது மணி நேரம் எடுத்தது. காலையில் ஓடவிட்டு நீ அச்சகத்துக்கும் நான் எக்ஸ்ரே அறைக்கும் போய்விட்டு, சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரைக்கு முன்னால் வந்து நிற்போம். ஆனால் தேதி, நேரம், இடம் மூன்றையும் கொடுத்துவிட்டால் அதன் சூரியன் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கும். கெஞ்சினாலும் நகராது.

அப்பாவி இலவசம். அதன் மரங்களைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பில் அத்தை எழுந்து வந்துவிட்டார். பல் துலக்கும் பிரஷ்ஷை நட்டு வைத்தது போல ஒரு காடு. பனியென்றால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். இருந்தும் சூரிய விஷயத்தில் நேர்மை. முசுடுக்கும் அதற்கும் இரண்டே நிமிஷம்தான் வித்தியாசம்.

மினுக்கி பத்து நிமிஷத்தில் படம் கொடுத்தது. முதல் படம் வந்ததும் நீ நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? ஈர இலை, பாறையில் பாசி, பள்ளத்தாக்கில் புகை மாதிரி பனி. மாட்டி வைக்கலாம் போலிருந்தது. அப்புறம்தான் கவனித்தோம். மேற்கு மலைக்கு நடுவே இருந்த பிளவை அது மழுக்கிவிட்டிருந்தது. மணியைத் திருப்பினால் வானத்தின் நிறம் மட்டும் மாறியது, சூரியன் நாம் இழுத்து வைத்த இடத்திலேயே இருந்தது. காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஒரே சூரியன், சட்டை மட்டும் வேறு. "இது மேக்கப் போடற பொண்ணு அண்ணி, சாட்சி சொல்ல ஆவாது" என்றாய். நான் பகலெல்லாம் பார்ப்பது சாம்பல் நிறம். அழகான எக்ஸ்ரே என்று ஒன்று கிடையாது. உடைந்தது உடைந்ததாகத் தெரிந்தால் அது நல்ல எக்ஸ்ரே. நீ சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது.

முசுடும் அப்பாவியும் என்ன காட்டின என்பதைச் சொல்லத் தேவையில்லை. அன்றைய தேதியில், ஐந்து ஐந்திலிருந்து ஐந்து பதினாறு வரை, பதினோரு நிமிஷம், சூரியன் அந்தப் பிளவுக்குள் நேராக நின்றது. வளைவில் திரும்பும் டிரைவரின் கண்ணுக்கு நேராக. டிரைவர் உட்காரும் உயரத்தில் பார்வையை வைத்து நாம் எடுத்த படத்தில் பாதையே தெரியவில்லை, வெள்ளைதான். நீ நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டாய். "தூங்கல அண்ணி. எங்கண்ணன் தூங்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

குழுவின் இதழுக்கு அந்த ஒப்பீட்டை எழுதித் தரச் சொல்லி மேகம் கேட்டார். சேர்ந்து எழுதினோம். விளையாட்டாகப் படம் போடுகிறவருக்கு மினுக்கி போதும், நிஜ இடத்தை நிஜமாகக் காண வேண்டுமென்றால் பக்கத்திலேயே போகாதீர்கள் என்று முடித்திருந்தோம். அனுப்புவதற்கு முன்னால் உனக்கு வேலைக்கு அழைப்பு வந்தது, அதே மினுக்கியைச் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து. கட்டுரை அப்படியே நின்றுபோனது. நேர்முகத்துக்கு என்ன கொண்டுபோவது என்று நீ விழித்தபோது, அந்தப் படங்களையே எடுத்துக்கொண்டு போ, காட்டுவதற்குக் கையில் ஏதாவது வேண்டாமா என்று சொன்னவள் நான். அதை நான் மறக்கவில்லை. இந்தக் கடிதத்தில் என் பங்குக்கு வரவேண்டிய தப்பு அது, எழுதிவிட்டேன்.

இனி விசாரணை. முதல் தடவை போனபோது முசுடின் படத்தையும் அப்பாவியின் படத்தையும் சர்வே வரைபடத்தோடு கொடுத்தேன். விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிப் பார்த்தார். "இத யாரும்மா பண்ணது?" என்று கேட்டார். நானும் என் நாத்தனாரும் என்றேன். படத்தைச் சர்வே தெரிந்த ஒருவரிடம் அனுப்பிச் சரிபார்க்கச் சொல்கிறேன் என்று குறித்துக்கொண்டார். வெளியே பெஞ்சில் பம்ப் ஆபரேட்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அதுவரை என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர். அவர் புருஷனைக் கொன்றவனின் மனைவி நான். அன்றைக்குத் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். பெஞ்சில் அந்த ஒரு முழ இடம் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று உனக்கு எழுதியிருந்தேன். நீ ஒரு இதயப் படம் போட்டுப் பதில் அனுப்பினாய்.

போன திங்கட்கிழமை சாலைத் துறையின் வக்கீல் ஒரு வண்ணப் படத்தைக் கொண்டுவந்தார். பெரிய தாளில், பளபளவென்று. உன் கம்பெனியின் இணையப் பக்கத்தில் முதலில் வருவது அதுதானாம். நம் வளைவு, சின்னவளே. நீ கோடு கோடாக இழுத்த மலை, நான் தட்டிய எண்கள். சூரியன் இடது பக்கம், மரத்துக்கு மேலே, தேனை ஊற்றினாற்போல. பாதை ஓரத்தில் மஞ்சள் பூ. ஓரம் முழுக்க இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் சுவர். மேலே ஒரு வரி, இங்கே போய் வாழத் தோன்றுகிறதல்லவா என்று.

படத்துக்குக் கீழே ஒப்பீடு. மூன்று புரோகிராம்களையும் ஒரே மலையில் ஓட்டிப் பார்த்தோம், சூரியனின் இடத்தை மிகச் சரியாகக் காட்டுவது இதுதான் என்று மினுக்கிக்கு முதலிடம். எழுதியவர்கள் என்று இரண்டு பேர். உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர்.

வக்கீல் கத்தவில்லை, மிரட்டவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார். "இது உங்க பேர்தானேம்மா? அது உங்க நாத்தனார்தானே? சரியா காட்டுறது இதுதான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இதுல வெயிலு பக்கவாட்டுல இருக்கு. சுவரும் இருக்கு. நாங்க எதம்மா நம்பறது?" என்றார். நான் எழுதவில்லை என்றேன். அப்படியானால் உங்கள் நாத்தனார் பொய்யாக உங்கள் பெயரைப் போட்டார் என்கிறீர்களா, அப்படிப் போடுகிறவர் உங்களோடு சேர்ந்து செய்த மற்றப் படங்களை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் அண்ணன்தான் அடிபடுகிறார்.

அதிகாரி, சர்வே ஆளுக்கு அனுப்பத் தேவையில்லை என்று பேனாவை மூடி வைத்தார். வெளியே வந்தேன். பெஞ்சில் அந்த அம்மாவின் பை என் இடத்தில் இருந்தது.

மறுநாள் மேகம் எழுதியிருந்தார். "மினுக்கியோட சூரியன் பொய்னு குழுவுல முதல்ல சண்டை போட்டதே நீங்கதான். நீங்களா இத எழுதுனீங்க?" என்று. இன்னும் பதில் போடவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேலையை விடு என்று சொல்லவில்லை. அந்தப் படத்தை எடுக்கச் சொல் என்றும் கேட்கவில்லை. அடுத்த விசாரணை இருபத்தெட்டாம் தேதி. அதற்குள் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. விளம்பரப் படத்தில் சூரியனைக் கையால் நகர்த்தி வைத்தேன், அந்த இடத்தில் சுவர் கிடையாது, அது என் கற்பனை, அண்ணியின் பெயரை அவருக்குத் தெரியாமல் போட்டேன். இவ்வளவுதான். நாலு வரி.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. சின்ன வயதிலிருந்தே உனக்கு முதலில் காதில்தான் பிடிக்கும் என்று அத்தை சொல்லச் சொன்னார். அவருடைய ஆசியும் என்னுடையதும் உன்னோடு இருக்கட்டும். உன் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணி


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சின்னவளுக்கு,

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறவில்லை, அதனால் இனிக் காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன் பதில் இருபத்துநாலாம் தேதி வந்தது. எழுதிக் கையெழுத்திடக் கேட்டிருந்தேன். நீ மன்னிப்புக் கேட்டிருந்தாய். கம்பெனியின் பொருளைக் குறை சொல்லி வெளியே எதுவும் எழுதமாட்டேன் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள், எழுதினால் வேலை போய்விடும், வேலை போனால் அந்த நாட்டில் தங்கவும் முடியாது என்று எழுதியிருந்தாய். ஒப்பீட்டை நீ எழுதியது வேறு மாதிரி, மேலே இருக்கிறவர்கள் மாற்றிவிட்டார்கள் என்றாய். மாற்றியதைப் படித்தாயா என்று நான் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

சுவரைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்தப் பத்தியை மட்டும் பல தடவை படித்தேன். "சுவர் இல்லாம அந்தப் படத்த என்னால பாக்க முடியல அண்ணி. ஒரு நாள் சும்மா வெச்சுப் பாத்தேன். அப்புறம் எடுக்க மனசு வரல" என்று. நம்புகிறேன். கல்லைக் கல்லாக அடுக்கியிருந்தாய், இடைவெளியில் பாசிகூட வைத்திருந்தாய். கம்பெனிக்காக அவ்வளவு வேலை யாரும் செய்யமாட்டார்கள். அண்ணன் விழாமலிருக்க நீ கட்டிய சுவர் அது. அது எனக்குப் புரிகிறது, சின்னவளே. சுவரை உனக்காக வைத்தாய். என் பெயரை யாருக்காக வைத்தாய்? அதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி நானே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். என் பெயர் எனக்குத் தெரியாமல் போடப்பட்டது என்று. வக்கீல் படித்துவிட்டுச் சிரித்தார். "குடும்பத்துக்குள்ள ஏதோ மனஸ்தாபம் போல" என்றார். அதிகாரி அதை வாங்கிக் கோப்பின் அடியில் செருகிக்கொண்டார். வெல்டரும் வந்திருந்தார், இன்னும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். வெயில் முகத்தில் அடித்தது என்று திரும்பவும் சொன்னார். இடுப்பு உடைந்து மயங்கிக் கிடந்தவருக்கு முன்னே பின்னே நடந்தது சரியாக ஞாபகம் இருக்குமா என்று கேட்டார்கள். இருக்காதுங்களா என்று அவரே திருப்பிக் கேட்டுவிட்டு, எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். அதற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

முடிவு பதினொரு நாளில் வந்தது. 'மனுதாரர் தரப்புப் படங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாலும், பொழுதுபோக்குக் கருவிகளால் தயாரிக்கப்பட்டவை என்பதாலும் ஏற்கப்படவில்லை. ஓட்டுநரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.' இவ்வளவுதான். சுவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதினோரு வருஷம் அந்தப் பாதையில் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினவர், இனி கோப்பு எடுத்துப் பார்க்கிற எவருக்கும் தூக்கத்தில் இரண்டு பேரைத் தன்னோடு கொண்டுபோனவர்தான். மேல்முறையீடு இருக்கிறது என்றார்கள். எதை வைத்து முறையிட?

முடிவை வாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது பம்ப் ஆபரேட்டரின் மனைவி கீழே நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்து, "அப்ப வெயில் அடிக்கலயா?" என்று கேட்டார். "அடிச்சதுங்க" என்றேன். "பேப்பர்ல அடிக்கலன்னு போட்டுட்டாங்களே" என்றார். அப்படியே போய்விட்டார். அவர் யாரையாவது கோபித்துக்கொண்டு வாழ வேண்டும், பாவம். அது உன் அண்ணனாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தேன். நம் பழைய ஒப்பீட்டை, நாம் எழுதியபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல், மேகத்துக்கு அனுப்பிவிட்டேன். குழுவின் இதழில் போன வாரம் வந்துவிட்டது. உன் பெயரை எடுத்துவிட்டேன். உன் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்றுதான் எடுத்தேன் என்று நினைத்துக்கொள், எனக்கு ஆட்சேபம் இல்லை. முப்பத்திரண்டு பேர் படித்திருக்கிறார்கள். மேகம் மட்டும் இரண்டு தடவை படித்தேன் என்று எழுதினார். ஒருவர், இதெல்லாம் சரி, பனை மரம் எதில் நன்றாக வரும் என்று கேட்டிருந்தார். மினுக்கியில்தான் என்று பதில் போட்டேன். உண்மை அதுதானே.

ஆஸ்பத்திரியில் என் வேலை வழக்கம் போல. மூச்சை இழுத்துப் பிடியுங்கள், விடுங்கள். நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறேன். புதிதாக வந்த டாக்டர் என் படங்களில் கறுப்பும் வெள்ளையும் நன்றாகப் பிரிந்து தெரிகிறது என்று பாராட்டினார். வீட்டில் பேசுவதற்கு ஆள் குறைந்துவிட்டதால் இதையெல்லாம் உனக்கு எழுதுகிறேன்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன்.

உன் முதல் வேலை விளம்பரத்துக்கு வந்திருக்கிறது, அம்மாவிடம் காட்டு என்று உன் சிநேகிதி மூலமாகச் அந்த வளைவுப் படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்பியிருந்தாய் அல்லவா, அது வழியில் தாமதமாகி, போன செவ்வாய்க்கிழமைதான் வந்து சேர்ந்தது. என் முதல் கடிதம் கிடைப்பதற்கு முன்னாலேயே நீ கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் அத்தை பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஆணி அடித்து, தன் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டார். காலையில் கண் விழித்ததும் அதைத்தான் பார்க்கிறார். பால்காரர், கேஸ் கொண்டுவருகிறவர், ரத்த அழுத்தம் பார்க்க வரும் நர்ஸ் என்று எல்லோரையும் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார். "எம்பொண்ணு செஞ்சது. நெசமா எடுத்த போட்டோன்னு நெனச்சீங்களா, இல்ல, முழுக்கக் கையால செஞ்சது" என்கிறார். எல்லோரும் நெசமாகவா என்கிறார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை இரண்டு வருஷமாக நான் பார்க்கவில்லை.

நான் அந்த அறைக்குள் போவதைக் குறைத்துக்கொண்டேன். மாத்திரை கொடுக்கப் போனாலும் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கப் பழகிவிட்டேன்.

நேற்று அத்தை என்னைக் கட்டிலில் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாதிரி எடம் நெசமாவே எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார். இருந்தது என்று வாயில் வந்துவிட்டது. இருக்கும் அத்தை என்றேன். "சின்னவ வந்தான்னா மூணு பேரும் ஒரு தடவ போயிட்டு வரலாம். எனக்கு முட்டி தேவலையாத்தான் இருக்கு. இவ்வளவு அமைதியா ஒரு எடத்துல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்தா, பையன நெனச்சு நெனச்சு அழறது கொஞ்சம் கொறையும்" என்றார்.

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

நீ விடுமுறைக்கு வரும்போது உன்னிடமும் கேட்பார். கட்டாயம் கேட்பார், இப்போதே எந்தப் புடவை கட்டிக்கொள்வது என்று யோசித்து வைத்திருக்கிறார். அன்றைக்கு என்னைப் பார்க்காதே. அண்ணி ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று காத்திருக்காதே. இதுவரை சமாளித்தது எல்லாம் நான்தான், இந்த ஒன்றை நீ செய். உன்னால் எந்தப் பொய்யும் அழகாகச் சொல்ல முடியும். அம்மாவுக்காக ஒன்று சொல். அது அவர் சாகும்வரை தாங்கட்டும்.

உன்னை நான் சபிக்கவில்லை. அப்படி ஒரு எண்ணம் உனக்கு வந்தால் அதை நம்பாதே. நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணுக்கு ஓய்வு கொடு, திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே. உனக்கு அங்கே நல்ல சிநேகிதர்கள் கிடைக்கட்டும். உன் பெயருக்குப் பக்கத்தில் எழுத வேறு ஒரு நல்ல பெயர் கிடைக்கட்டும்.

அன்புடன்,
அண்ணி